வெறும் வயிற்றில்

அம்மாவைப் போல நடந்து காட்டுவது சின்ன வயதில் என்னுடைய தனித்திறமை. ஆச்சி வீட்டில் விசேஷத்துக்கு எல்லோரும் கூடினால், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது, "ஏல, ஒங்கம்மா எப்படி நடப்பா, காட்டு பாப்போம்" என்பார்கள். நான் எழுந்து, இடுப்பில் ஒரு கையை வைத்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து முற்றத்திலிருந்து அடுக்களை வாசல் வரை போவேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்ன எடுக்க வந்தோம் என்பது மறந்துபோன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அங்கேதான் பெரிய சிரிப்பு விழும். அம்மாவும் சிரிப்பாள். அவளுடைய சிரிப்பும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. 1985ஆம் வருஷம்.

அம்மா முன்னால் அப்படி இல்லை என்று அக்கா சொல்வாள். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், அவள் பார்த்த அம்மா வேறு. நான் பார்த்தது மெதுவான அம்மாவைத்தான். தூத்துக்குடியில் சித்திரை வெயிலுக்கு நாங்கள் எல்லாம் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருப்போம். அவள் கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்தியிருப்பாள். குரல் கட்டி, கரகரத்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "யாரு" என்று கேட்டால் வந்தவர்கள் அப்பா என்று நினைத்துக்கொள்வார்கள். காலையில் முகம் ஊதியிருக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். புருவத்தின் வெளி ஓரம் அழித்துவிட்ட மாதிரி இருக்கும். அம்மி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். வயிறு மூன்று நாளைக்கு ஒருதரம்தான் போகும். அதற்கு ஆச்சி கடுக்காய்ப்பொடி கொடுப்பாள்.

இவ்வளவையும் சேர்த்து ஊரில் ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள். சோம்பேறி. எங்கள் அத்தை மட்டும் 'ஆமை' என்பாள். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். இரவு இரண்டு மணிக்கே அளத்துக்கு வந்து வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறவர். "அங்க பொம்பளைங்க எப்படி வேலை செய்தாளுவ தெரியுமா?" என்பார். அம்மாவை அவர் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் பதினான்கு வருஷம் கேட்டார்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒருமுறை காலில் வீக்கம் என்று போனபோது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். உப்பளக் கணக்கப்பிள்ளை வீட்டில் அது ஒரு பெரிய நகைச்சுவையாகப் பல நாள் ஓடியது. 1998 ஐப்பசியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, மூன்றாம் நாள் போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது 51.

என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கேஷியர். 2014இல், என் 41ஆவது வயதில், பணம் எண்ணுவதில் தப்பு வர ஆரம்பித்தது. கட்டை எடுத்து எண்ணிக்கொண்டே வருவேன், அறுபதுக்கு மேல் எண் நழுவிவிடும். மறுபடி முதலிலிருந்து. கவுண்டருக்கு வெளியே நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் மாலை கணக்கு முடிக்கும்போது 4,500 ரூபாய் குறைந்தது. என் கையிலிருந்துதான் கட்டினேன். அடுத்த மாதம் மறுபடியும் குறைந்தபோது விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். மெமோ பரவாயில்லை, எழுதிப் பதில் சொல்லிவிடலாம். செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் வாய் அருகில் மூக்கைக் கொண்டுவந்து பேசியதுதான் தாங்கவில்லை. குடித்திருக்கிறேனா என்று பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் நாக்கு தடித்திருந்தது, பேச்சு குழறியது, கண் இமை வீங்கியிருந்தது.

முதலில் போன டாக்டர் கொலஸ்ட்ராலைப் பார்த்துவிட்டுப் பதறி அதற்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாவதாகப் போனவர் மனச்சோர்வாக இருக்கலாம் என்றார். மூன்றாவதாக, சங்கத்துக்கு நகை அடகு வைக்க வந்த ஒரு நர்ஸம்மா, கவுண்டர் கம்பி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தைராய்டு பார்த்தீயளா?" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது பெண்களுக்கு வருவதல்லவா? பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகமாக வரும், உண்மை. ஆனால் 'அதிகமாக' என்றால் 'மட்டும்' என்று அர்த்தமில்லை. ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். என் பெயரைக் கூப்பிட்டபோது, யாருக்கோ துணைக்கு வந்தவன் என்று நினைத்து, "பேஷண்ட் எங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

டி.எஸ்.எச். 86 என்று வந்தது. நான்குக்குள் இருக்க வேண்டும்.

கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. 86 என்றால் என் தைராய்டு தாறுமாறாக வேலை செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பாளையங்கோட்டையில் பார்த்த ஹார்மோன் டாக்டரம்மா தலைகீழ் என்றார். அவர் சொன்னதை நான் உப்பளத்துக்குக் கொண்டுபோய்ப் புரிந்துகொண்டேன். கழுத்தில் இருக்கிற தைராய்டு, வேலையாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு இருக்கிற பிட்யூட்டரி, கங்காணி. டி.எஸ்.எச். என்பது கங்காணி போடுகிற சத்தம். வேலை ஒழுங்காக நடந்தால் கங்காணி ஏன் கத்தப் போகிறான்? வேலை நடக்கவில்லை என்றால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். என் கங்காணி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பாத்தியில் ஆள் விழுந்துகிடந்தான்.

ஏன் விழுந்தான் என்பதற்கும் ஒரு தாள் வந்தது. டி.பி.ஓ. ஆன்டிபாடி, 600க்கு மேல். உடம்பின் காவல் படையே தைராய்டை அந்நியன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு ஹாஷிமோட்டோ என்று பெயர், 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர். அயோடின் இல்லாத கல் உப்பைத் தின்று வளர்ந்ததால் வந்ததா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அளத்து உப்பு மூட்டையாகவே வரும், பாக்கெட் உப்பு வாங்குவதே கௌரவக் குறைச்சல். "அயோடின் குறைஞ்சா கழுத்துக் கழலை வரும், தைராய்டும் குறையும், அது வேற கதை. உங்களோடது உப்பால வந்தது இல்ல சார். இனிமே அயோடின் மாத்திரை, கடல்பாசிப் பொடின்னு எதையும் வாங்கித் தின்னுறாதீங்க. கூடுதல் அயோடின் இந்த நோயைக் கிளறிவிடும். சமையலுக்கு மட்டும் பாக்கெட் உப்புக்கு மாறிக்கோங்க, அது போதும்" என்றார்.

பிறகு, "இது குடும்பத்துல வரும். அம்மா, அக்கா, தங்கச்சி யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

என் செல்போனில் அம்மாவின் படம் ஒன்று இருந்தது. 1996இல் அக்கா வளைகாப்பில் எடுத்தது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை நான் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். டாக்டரம்மா செல்லை வாங்கி, இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினார். புருவத்துக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"டெஸ்ட் ஏதாவது எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இல்லாத ரத்தத்த எப்படி டெஸ்ட் பண்ண?" என்றார். செல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எப்ப தவறினாங்க?" என்று கேட்டார். சொன்னேன். நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் கோத்திருந்ததையும் சொன்னேன். ஒரு தலையசைப்பு. மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார்.

லெவோதைராக்ஸின். முதலில் 50 மைக்ரோகிராம், பிறகு 75, கடைசியில் 100. ஒரு கிராமைப் பத்தாயிரமாகப் பிரித்தால் கிடைக்கிற ஒரு பங்கு. என் எடை 68 கிலோ, கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு நாள் மாத்திரைக்கு ஆகிற செலவு ஒரு டீயின் விலையில் பாதிகூட இல்லை. விழுங்கிய மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒரு வாரம் ஆகும். அதனால் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் பாதி எழுதிய பேரேட்டைக் கூட்டின மாதிரி. ரத்தம் கொடுக்கிற அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்துவிட்டு வந்து போட வேண்டும்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் முகம் கழுவும்போது தண்ணீர் எனக்குக் குளிராக இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்று சங்கத்தில் நூறு நோட்டையும் ஒரே மூச்சில் எண்ணினேன்.

பெரிய தொந்தரவு மாத்திரை இல்லை, காப்பிதான். எங்கள் பக்கத்தில் காலையில் கண் விழிப்பது என்றால் காப்பி குடிப்பது என்றே அர்த்தம். ஆச்சி காலத்தில் கருப்பட்டிக் காப்பி, இப்போது ஃபில்டர் காப்பி. மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி, முடிந்தால் ஒருமணி நேரம் காத்திருக்க வேண்டும். காப்பி, மருந்து குடலில் சேர்வதைக் குறைத்துவிடும். முதல் இரண்டு வருஷம் நான் இதை மதிக்கவில்லை. மாத்திரையைக் காப்பியோடுதான் விழுங்கினேன். எண்ணும் மூன்று, நான்கு என்று ஓரளவு கட்டுக்குள்தான் நின்றது. 2016இல் முட்டிவலிக்கு ஒருவர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே வாயில் போட்டுக்கொள்வது வசதி என்று காலையிலேயே சேர்த்துப் போட்டேன். டி.எஸ்.எச். 11க்கு ஏறியது. கால்சியமும் இரும்புச்சத்தும் இந்த மருந்தைக் குடலிலேயே கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றி, காப்பியையும் தள்ளிப்போட்டதும் எண் இறங்கிவிட்டது. டோஸை ஏற்றவே தேவைப்படவில்லை. அதிலிருந்து பால்காரர் வருவதற்கு முன்னாலேயே, நாலரை மணிக்கு, விழித்து மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுகிறேன்.

சத்துகள் பற்றி ஊரே ஆலோசனை சொல்லும். முட்டைக்கோஸ் தின்னக் கூடாது என்பார்கள். வேகவைத்து, மனிதன் தின்கிற அளவுக்குத் தின்றால் ஒன்றும் ஆகாது. துபாயிலிருந்து வந்த அக்கா மகன் பிரேசில் நட் என்று ஒரு பொட்டலம் கொடுத்து, "மாமா, இதுல செலினியம் இருக்கு, தைராய்டு கிளியர் ஆயிரும்" என்றான். செலினியம் தைராய்டுக்கு வேண்டிய சத்துதான். ஆனால் ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400ஐத் தாண்டினால் விஷம். அந்தக் கொட்டை ஒன்றிலேயே ஒரு நாள் தேவை முழுக்க இருக்கலாம். அவன் தினம் பத்து தின்னச் சொன்னான். செலினியம் மாத்திரை கொடுத்தால் ஆன்டிபாடி எண்ணிக்கை குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், ஆள் தெளிவானதாக உறுதியாகச் சொல்லவில்லை. உண்மையில் எனக்குக் குறைந்திருந்தது பி12. எங்கள் வீட்டில் சைவம். டி.எஸ்.எச். 2.1 என்று அழகாக இருந்த ஒரு வருஷம் முழுக்கக் கால் மரத்து, அசதியாகக் கிடந்தேன். தைராய்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பி12 பார்த்தால் 148. ஊசி போட்டதும் சரியாயிற்று. ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால், வீட்டில் காணாமல் போகிற எல்லாவற்றையும் அதன் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

2019இல் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. 46 வயதில் ஒரு ஆணுக்கு முடி கொட்டுவதற்கு நோய் எதுவும் வேண்டியதில்லை, எங்கள் அப்பா தலையைப் பார்த்தாலே போதும். ஆனாலும் ஆசை யாரை விட்டது. மருந்துக்கடையில் பயோட்டின் என்று கொடுத்தார்கள். பத்து மில்லிகிராம், சீட்டு வேண்டாம், வைட்டமின்தானே என்றார்கள். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் பீரோவில் வைத்துச் சாப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து, வருஷாந்திர ரத்தப் பரிசோதனை வந்தது. டி.எஸ்.எச். 0.02. ஃப்ரீ டி4 உச்சத்தில். பாளையங்கோட்டைக்குப் போக லீவு கிடைக்கவில்லை. ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டினேன். "மருந்து ரொம்பக் கூடிப்போச்சு. இப்படியே விட்டா இதயத் துடிப்பு தாறுமாறாயிரும், எலும்பு கரையும்" என்று 100ஐ 50 ஆக்கினார். தாளைப் பார்த்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 0.03. அசையவே இல்லை. மாத்திரையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மருந்து கூடினால் நெஞ்சு படபடக்க வேண்டும், வியர்க்க வேண்டும், எடை குறைய வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தாள் சொல்கிறதே. நான் தாளை நம்பிப் பிழைக்கிறவன். பெட்டியில் இருக்கிற பணமும் பேரேடும் ஒத்துப்போகவில்லை என்றால் பணத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று பழகிய கை.

மே மாதம், கத்திரி வெயில். நான் மின்விசிறியை அணைத்துவிட்டுப் படுத்தேன். வீட்டுக்காரியும் மகளும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். குரல் கட்டியது. வயிறு கல்லாகக் கிடந்தது. சங்கத்தில் என்னை கேஷிலிருந்து மாற்றி, கடன் மனு ஃபைல்களை அடுக்குகிற மேசையில் போட்டார்கள். போன தடவை மாதிரி யாரும் மூக்கை நீட்டவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஒரு சாயங்காலம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதையோ எடுக்க உள்ளே வந்திருந்தேன். அது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, போட்டோல இருக்க அத்தை மாதிரியே இருக்கீங்க."

எங்கள் கல்யாணம் 2001இல் நடந்தது. அவள் அம்மாவை உயிரோடு பார்த்ததே இல்லை. சுவரில் இருக்கிற முகத்தை மட்டும்தான் தெரியும். அந்த முகம் அம்மாவின் முகம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது நோயின் முகம் என்று சொல்ல, அவளைத் தெரியாத ஒருத்தி வர வேண்டியிருந்தது.

மறுநாளே பாளையங்கோட்டை. டாக்டரம்மா தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். என் கையை நீட்டச் சொன்னார், விரல் நடுங்கவில்லை. நாடி 54. முட்டியில் சுத்தியலால் தட்டினார், கால் எழும்பி மெதுவாக, யோசித்து யோசித்து இறங்கியது.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சத்து மாத்திரை?"

"இல்ல."

"முடிக்கு? நகத்துக்கு?"

வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். ரத்தத்தில் இருக்கிற ஹார்மோனை எண்ணுவதற்குப் பல மெஷின்களில் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கொக்கி போய் மாட்டிக்கொள்ள ஒரு புரதம் வைத்திருப்பார்கள். பரிசோதனைக்கு வருகிற ரத்தத்திலேயே பயோட்டின் ததும்பிக்கொண்டிருந்தால், அது முந்திப் போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கொக்கி மாட்ட இடமிருக்காது. டி.எஸ்.எச். அளக்கிற முறையில் இதனால் எண் பொய்யாக இறங்கும். டி4 அளக்கிற முறை வேறு, அதில் பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் மருந்து கூடிப்போனவனின் தாள் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே இருக்கும். தப்பு என்று சந்தேகப்படவே தோன்றாத தப்பு. எல்லா மெஷினும் இந்த முறையில் ஓடுவதில்லை, வேறு லேபில் கொடுத்திருந்தால் சரியாகவே வந்திருக்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். என்னை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து டி.எஸ்.எச். 74.

"உடம்பு சரியாத்தான் சொல்லிருக்கு. நீங்கதான் கேக்கல" என்றார் டாக்டரம்மா. என்னை மட்டும் சொன்னாரா, ஊரில் பார்த்த டாக்டரையும் சேர்த்தா, தெரியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் வல்லநாடு தாண்டும்வரை வீட்டுக்காரி பேசவில்லை. பிறகு, "முடிக்கா?" என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுபடி 100க்கு ஏறி நிலைக்கு வர அந்த வருஷக் கார்த்திகை ஆகிவிட்டது. படுத்துக்கிடந்த அந்த மாதங்களில் செல்லில் இந்த நோயைப் பற்றி நிறையப் படித்தேன். அதில் ஒரு விஷயம் இன்றும் போகவில்லை. 1891இல் இங்கிலாந்தில் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு முழுக்கச் செத்துப்போன 46 வயதுப் பெண் ஒருத்திக்கு ஆட்டின் தைராய்டைப் பிழிந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றினார். வீங்கிய முகம் வடிந்து, பேச்சு தெளிந்து, அவள் எழுந்து நடமாடினாள். பிற்பாடு அதையே வாய் வழியாகக் கொடுத்தார்கள். 1919 வரை, 74 வயது வரை அவள் இருந்தாள். அந்த 28 வருஷத்தில் அவளுக்காகச் செலவான ஆடுகள் 870க்கும் மேல் என்று மர்ரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

என் அம்மா செத்தது 1998இல். அந்த வைத்தியம் நூறு வருஷத்திலும் தூத்துக்குடிக்கு வந்து சேரவில்லை என்று சொல்ல முடியாது. வந்திருந்தது. மருந்துக்கடையில் மாத்திரை இருந்தது, ரத்தம் எடுத்துக் கொடுத்தால் வெளியூருக்கு அனுப்பி முடிவு வாங்கித் தருகிற லேப் இருந்தது. எங்கள் வீட்டு நடையேறி மட்டும் வரவில்லை. ஒருத்தி சோம்பேறி என்று தீர்மானமான பிறகு அவளுக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை? எனக்காவது ஒரு தப்பான தாள் இருந்தது. அவளுக்கு உடம்பு மட்டும்தான் இருந்தது. அது பதினான்கு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தது, நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்தோம்.

அம்மாவுக்கு இருந்தது இதுதானா என்று நிச்சயமாக எனக்குத் தெரியாது. டாக்டரம்மா சொன்ன மாதிரி ரத்தம் இல்லை. அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல 2014இலேயே ஒருமுறை முயன்றேன். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "அப்ப அவ வேணும்னு செய்யலியா?" என்றார். ஆமாம் என்றேன். சட்டைப்பையில் எதையோ தேடினார். அப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

மகளுக்கு இப்போது 21. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிவரை தூங்குகிறாள். கதவு வரைக்கும் போய், அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து, திரும்பிவிடுவேன். போன வருஷம் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டி.எஸ்.எச். 1.8, ஆன்டிபாடி இல்லை. "அப்ப நான் ஒரிஜினல் சோம்பேறிப்பா" என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினாள்.

அக்காதான் பிடிகொடுக்காமல் இருந்தாள். பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் இருந்துகொண்டு, "எனக்கு என்ன சீக்கு? வயசாகுதுல்லா?" என்பாள். போன ஐப்பசியில் அம்மா திதிக்கு வந்தவளைப் பார்த்தேன். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மழைதான், ஆனால் தூத்துக்குடி மழைக்கு யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள்? கையோடு கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். போகிற வழியிலேயே, "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுதியா?" என்று கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் தாள் வந்தது. 38.

அக்கா தாளை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள், பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த இயல்பு அளவைப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். திதிக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அம்மா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா பேசி ஒரு டேப்பும் எங்களிடம் இல்லை, நடந்து ஒரு வீடியோவும் இல்லை. சுவரில் இருக்கிற அந்த ஒரு படம்தான்.

"ஏல, சின்னப்புள்ளைல அம்மா மாதிரி நடந்து காட்டுவியே" என்றாள் அக்கா.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒருக்கா காட்டு."

"சும்மா இருக்கா."

"காட்டுல. எனக்குப் பாக்கணும்."

எழுந்தேன். இடுப்பில் கை வைத்தேன். பாதத்தைத் தூக்காமல், ஹாலிலிருந்து அடுக்களை வாசல் பக்கமாக நடந்தேன். பாதி வழியில் அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"இன்னும் மெதுவா."